எடைக் குறைப்பு ஒப்பரேஷனுக்குப் போகும் திருகோணமலைக்காரருக்கு: முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

எடைக் குறைப்பு ஒப்பரேஷன் கொழும்பில் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் வருஷங்கள் எல்லாம் இங்கேதான், உங்கள் குசினியிலும் கிளினிக்கிலும் கலியாண வீட்டுப் பந்தியிலும் கழியப்போகின்றன. அதனால் திகதி எடுப்பதற்கு முன்பே இந்தப் பக்கத்து ஆயத்தங்களை முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நானும் இரைப்பையைச் சிறிதாக்கிக்கொண்டவள்தான். உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று நம் மாவட்டத்தில் இதைச் செய்துகொண்ட பலரோடு கிளினிக் வாங்கிலும் ஃபோனிலும் கதைத்துத் தெரிந்துகொண்டவற்றைப் புதிதாக யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கணக்குப் பார்ப்பது

எடையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் 96 கிலோ என்றால், 96ஐ 1.6ஆல் வகுக்க 60, அதை மறுபடி 1.6ஆல் வகுக்க 37.5. அமெரிக்காவில் 1991இல் வகுத்த பழைய அளவுகோலின்படி, ஒப்பரேஷன் செய்ய அந்த எண் 40க்கு மேல் இருக்க வேண்டும், அல்லது நீரிழிவு, பிரஷர் மாதிரியான வருத்தங்களோடு 35க்கு மேல் இருக்க வேண்டும். 2022இல் இந்தத் துறையின் சர்வதேசச் சங்கங்கள் அதைத் தளர்த்தின. 35க்கு மேல் என்றால் வேறு வருத்தம் இல்லாவிட்டாலும் செய்யலாம் என்றன. ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சீனி வருத்தம் வந்துவிடுவதால் 27.5 இலிருந்தே யோசிக்கலாம் என்றும் சொன்னன.

எண் சரியாக வந்தாலும் உடனே மேசையில் ஏற்ற மாட்டார்கள். தைரொயிட் குறைபாடு, சில மருந்துகள், மனவழுத்தம் இவற்றால் எடை ஏறியிருக்கலாம்; அவற்றை முதலில் பார்க்க வேண்டும். மது, புகை இருந்தால் நிறுத்தியாக வேண்டும். ஆயுள் முழுக்கக் குளிசை எடுக்கவும் வருஷா வருஷம் இரத்தம் கொடுக்கவும் மனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த ஒப்பரேஷன் வேண்டாம். இதை நான் யாரிடமும் மழுப்பிச் சொல்வதில்லை.

எந்த ஒப்பரேஷன்

பெரும்பாலானவர்களுக்கு இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலே வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழ வடிவத்தில் குழாய் மாதிரி மிச்சத்தை விடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் வெட்டி எடுக்கும் பகுதியில்தான் அதிகம் சுரக்கிறது, அதனால் பசியும் குறைகிறது. பைபாஸ் என்பதில் இரைப்பையின் மேல்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைத்துவிடுவார்கள். ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு நெஞ்செரிவு கூடலாம். ஏற்கெனவே கடும் நெஞ்செரிவு உள்ளவர்களுக்கும் நெடுநாள் நீரிழிவுக்காரருக்கும் பைபாஸ் பொருந்தும் என்று டொக்டர்மார் சொல்வது இதனால்தான். பைபாஸில் விற்றமின் குறைபாடு வரும் வாய்ப்பு கூட. ஒரு வருஷத்தில் ஸ்லீவில் மொத்த எடையின் கால் பங்கு அளவும், பைபாஸில் அதைவிடக் கொஞ்சம் கூடவும் குறைவது வழமை. 100 கிலோக்காரர் 75க்கு வருவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 55க்கு வருவேன் என்று நினைத்துப் போனால் மனம் உடைந்துபோகும்.

இரண்டையும் வயிற்றில் நாலைந்து சின்னத் துளை போட்டு, கமரா வழியாகத்தான் செய்கிறார்கள். உயிராபத்து ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில், பித்தப்பை ஒப்பரேஷனை ஒத்தது. தையல் போட்ட இடம் கசிவது நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் நடக்கலாம்.

கடிதமும் கொழும்பும்

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மெடிக்கல் கிளினிக்கில் ஏற்கெனவே நீரிழிவுக்கோ பிரஷருக்கோ காட்டுபவராக இருந்தால் அங்கேயே தொடங்குங்கள். கிளினிக் டொக்டரிடம் நேராகக் கேட்டால் கொழும்புக்குக் கடிதம் தருவார். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இந்தச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் கட்டணம் இல்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். தனியாரில் கெதியாக முடியும், பல இலட்சம் செலவாகும். தனியாருக்குப் போகிறவர்கள் சொல்லும் விலைக்குள் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்: இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர், தீவிர சிகிச்சைப் பிரிவு, மறுபடி வார்ட்டில் அனுமதிக்க நேர்ந்தால் அந்தச் செலவு, ஒரு வருஷத்துக்கான கிளினிக். நம் ஊரிலிருந்து சென்னைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: திரும்பி வந்தபிறகு இரவு பதினொரு மணிக்கு வாந்தி நிற்காவிட்டால் யாருக்கு ஃபோன் எடுப்பீர்கள்? இதற்குப் பதில் இருந்தால் போங்கள்.

பரிசோதனைகள் நிறைய வரும். மூன்று மாத சராசரிச் சீனி, ஈரல், சிறுநீரகம், தைரொயிட், இரும்பு, விற்றமின் பி12, விற்றமின் டி, வயிற்று ஸ்கான், எண்டோஸ்கோபி, இதயத்துக்கு ஈசிஜி. படுத்தால் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், மயக்க மருந்து கொடுக்கிறவருக்கு அது மிக முக்கியம். வீட்டில் பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால்தான் அது தெரியவரும்.

ஒவ்வொரு றிப்போர்ட்டுக்கும் ஃபோட்டோப் பிரதி எடுத்து ஒரே ஃபைலில் திகதி வரிசையில் வையுங்கள். கொழும்புக்குக் கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். இரவு ரயிலிலோ ஹபரணை வழி பஸ்ஸிலோ போய் விடிய இறங்கியபிறகு, ஒரு றிப்போர்ட் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது என்றால் அந்த நாளே வீண். கிளினிக்கில் சிங்களத்தில் கதைக்க வேண்டி வரலாம். மொழி வராதவர்கள் வருகிறவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள், கேட்க வேண்டிய கேள்விகளை முதலே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

முன்பு செய்தவர்களிடம் எதைக் கேட்பது

செய்துகொண்ட ஒருவரோடாவது கதைக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். டொக்டர் பத்து நிமிஷத்தில் சொல்ல முடியாத விஷயங்கள் இருக்கின்றன. கிணற்றடியில் எப்போது தண்ணீர் அள்ளத் தொடங்கினீர்கள், முதல் மாதம் வீட்டில் யார் சமைத்தது, கடை திறக்க எத்தனை நாள் ஆனது, மனுஷன் என்ன சொன்னார், மாமி என்ன சொன்னா, எதைச் சாப்பிட்டால் தொண்டையில் நிற்கிறது. இப்படிப்பட்டவற்றைக் கேளுங்கள். ஒரு வருஷம் தாண்டியவரையும், முடிந்தால் நாலைந்து வருஷம் தாண்டியவரையும் தேடிப் பிடியுங்கள். முதல் ஆறு மாதத்தில் இருப்பவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் கதைப்பார்கள், எடை இறங்கிக்கொண்டிருக்கும் காலம் அது.

கேட்கக் கூடாதவையும் உண்டு. இன்சுலின் எவ்வளவு குறைத்தீர்கள், எந்தக் குளிசையை விட்டீர்கள் என்று கேட்டு அதைப் பின்பற்றவே கூடாது. மூதூரில் எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவருக்கு ஒப்பரேஷன் முடிந்து ஒரு கிழமையிலேயே சீனி இறங்கி இன்சுலினை முழுதாக நிறுத்தினார்கள். அதைக் கேட்ட இன்னொருவர், பதினைந்து வருஷ நீரிழிவுக்காரர், தானும் நிறுத்திவிட்டுச் சீனி ஏறி வார்ட்டில் கிடந்தார். எடையையும் ஒப்பிடாதீர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும், 140 கிலோவில் தொடங்கியவருக்கும் 95இல் தொடங்கியவருக்கும் இறங்கும் வேகம் ஒன்றாக இருக்காது.

நல்ல கதை மட்டும் சொல்லுகிறவரைவிட, பட்ட கஷ்டத்தையும் சொல்லுகிறவரின் பேச்சை நான் கூட நம்புவேன். ‘எனக்கு ஒண்டும் செய்யேல்லை’ என்று ஒருவர் சொன்னால், இரண்டாம் தரம் ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள்.

போகும் முன் வீட்டில்

ஒப்பரேஷனுக்கு முந்திய இரண்டு கிழமை அளவுக்கு மாவும் சீனியும் குறைந்த சாப்பாடு தருவார்கள். ஈரலில் படிந்த கொழுப்பு வற்றி ஈரல் சுருங்கினால்தான் அதற்குக் கீழே இருக்கும் இரைப்பையைக் கமராவில் நன்றாகப் பார்க்க முடியும். சோறும் பாணும் இல்லாத அந்த இரண்டு கிழமைதான் மிகக் கஷ்டம் என்று பலர் சொல்வார்கள். இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் அன்றே மருந்து அளவையும் டொக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சீனி மளமளவென்று இறங்கிவிடும்.

வீட்டில் வாங்கி வைக்க வேண்டியது கொஞ்சம்தான். தேக்கரண்டி, சின்னக் கோப்பை, அளவுக்கோடு போட்ட தண்ணீர்ப் போத்தல், சீனி பார்க்கும் மெஷின், மிக்ஸி, ஆடை நீக்கிய பால்மா. அதைவிட முக்கியம், வீட்டு ஆட்களை உட்கார வைத்துக் கதைப்பது. நாலு முதல் ஆறு கிழமை வரை காஸ் சிலிண்டர், தண்ணீர் வாளி, அரிசி மூட்டை எதுவும் தூக்க முடியாது. கைக்குழந்தை உள்ள தாய்மார் இதற்குத் தனியாக ஆள் ஒழுங்கு செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரி நாட்களும் திரும்பும் பயணமும்

வார்ட்டில் இரண்டு மூன்று நாள்தான். ஒப்பரேஷன் அன்றே எழுப்பி நடக்க வைப்பார்கள், நோவோடு நடப்பது கொடுமையாகத் தெரியும். ஆனால் காலில் இரத்தம் கட்டிப் போய் நுரையீரலில் அடைப்பதுதான் இந்த ஒப்பரேஷனின் மிகப் பெரிய ஆபத்துகளில் ஒன்று. அதைத் தடுப்பதற்கு நடைதான் முதல் மருந்து. கமராவுக்காக வயிற்றில் ஏற்றிய வாயுவால் தோள்மூட்டு வலிக்கும், நடக்க நடக்க அது இறங்கும்.

நமக்குத்தான் பயணம் பிரச்சினை. கொழும்பில் இருப்பவர் அரை மணித்தியாலத்தில் வீட்டுக் கட்டிலில் படுப்பார், நமக்கு ஆறு மணித்தியாலம் அல்லது அதற்கும் மேலே. முடிந்தால் முதல் மீள்பரிசோதனை வரை கொழும்பில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குங்கள். தையல் கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள்தான் தலைகாட்டும். வரும்போது வானோ காரோ பிடித்து, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறங்கி ஐந்து நிமிஷம் நடவுங்கள். இடையில் இருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வாருங்கள். தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும், மிடறு மிடறாக. இரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி வீட்டுக்கும் தந்தனுப்பினால், அதைப் போடும் முறையை வார்ட்டிலேயே மிஸ்ஸியிடம் பழகிக்கொண்டு வாருங்கள்.

ஒப்பரேஷன் விபரம் எழுதிய துண்டை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். எந்த ஒப்பரேஷன், எந்தத் திகதி, எந்த டொக்டர், அவசரத்துக்கு எந்த நம்பர் என்று அதில் இருக்க வேண்டும்.

முதல் ஆறு கிழமைச் சாப்பாடு

ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் அட்டவணையைத் தரும், அதுதான் உங்களுக்கு வேதம். பொதுவாக ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம். இரண்டாம் கிழமை முடியும் வரை பால், சூப் மாதிரி ஊற்றிக் குடிக்கக்கூடியவை. மூன்றாம், நாலாம் கிழமை மசித்தவை. ஐந்தாம், ஆறாம் கிழமை மெதுவான திண்மச் சாப்பாடு. பிறகு மெல்ல மெல்ல வீட்டுச் சாப்பாடு. நம் குசினிக்கு இதை எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

தெளிந்த நீர் என்றால் வடித்த மீன் சூப், கோழி சூப், ஜீவனி, சீனி போடாத பிளேன்டீ. இளநீர் குடிக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். சிலருக்கு ஒத்துக்கொள்கிறது, ஆனால் அதில் சீனியும் உண்டு, பொட்டாசியமும் உண்டு. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கேட்காமல் குடிக்க வேண்டாம். நெக்டோ, கோலா, வேறெந்தச் சோடாவும் கிட்டவே வரக்கூடாது. வாயு உப்பி வலிக்கும்.

மசித்த காலத்துக்குத் திருகோணமலையில் இருப்பது பெரிய கொடுப்பினை. காலையில் கரைவலையில் வந்த பாரையோ அறக்குளாவோ ஒரு துண்டு போதும். மஞ்சள், உப்பு, ஒரு பல் உள்ளி போட்டு அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, மிளகாய் போடாத தண்ணிச் சொதியில் கரண்டியால் நன்றாக மசியுங்கள். சொதிக்கு முதற்பால் வேண்டாம், கடைசிப் பால் போதும். இரண்டு மேசைக்கரண்டி அளவு சின்னக் கோப்பையில் போட்டு, தேக்கரண்டி நுனியில் எடுத்து வாயில் வைத்து, அது கூழாகும் வரை மெல்லுங்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள். அந்த இரண்டு மேசைக்கரண்டிக்கு இருபது நிமிஷம் எடுக்க வேண்டும். நடுவில் ஒரு விக்கலோ தும்மலோ வரும், சிலருக்கு மூக்கு ஒழுகும். வயிறு நிறைந்துவிட்டது என்று உடம்பு சொல்லும் விதம் அது. அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், மிச்சம் ஒரு கரண்டிதானே என்று போட்டால் நெஞ்செலும்புக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்து, வாயில் நுரை நுரையாகத் துப்பல் ஊறி, பிறகு வாந்திதான்.

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். நூறு கிராம் சமைத்த மீனில் 20க்கு மேல். முப்பது கிராம் ஆடை நீக்கிய பால்மாவில் ஏறத்தாழ 10. பருப்பு, பயறு, கடலை, சோயா மீற், தயிர் எல்லாம் கணக்கில் சேரும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் முதல் மாதங்களில் புரதத் தூள் இல்லாமல் சமாளிப்பது கடினம், அதற்கான காசை முதலே ஒதுக்கி வையுங்கள். கோப்பையில் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், பிறகு மரக்கறி, வயிற்றில் இடம் இருந்தால் கடைசியில் சோறு.

தண்ணீரையும் சாப்பாட்டையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் குடிக்கலாம். ஆனால் நாளுக்கு ஒன்றரை லீற்றராவது உள்ளே போக வேண்டும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது நம் ஊரில் வியர்த்தே ஒரு லீற்றர் போய்விடும். ஒரேயடியாகக் குடிக்கவும் முடியாது. கிண்ணியாவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவர் ஃபோனில் கால் மணித்தியாலத்துக்கு ஒரு அலாரம் வைத்து, அடிக்கும் போதெல்லாம் இரண்டு மிடறு குடித்தார். இதைவிட நல்ல வழியை நான் இன்னும் கேள்விப்படவில்லை. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் காணாது என்று அர்த்தம்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகும் பலருக்குச் சிக்குவது இவைதான்: பாண், பணிஸ், ரொட்டி, உலர்ந்த புட்டு, கட்டியான சோறு, நரம்புள்ள மாட்டிறைச்சி. புட்டு வேண்டுமென்றால் மீன் குழம்பில் நன்றாக ஊறவிட்டு இரண்டு கரண்டி. இடியப்பம் ஒன்று, சொதியில் பிசைந்து. கொத்து ரொட்டியை எனக்குத் தெரிந்த பலர் அப்படியே விட்டுவிட்டார்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது

முதல் மாதத்தில் காய்ச்சல், நாடித்துடிப்பு 120க்கு மேல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோளில் புதிதாக வலி, மூச்சு வாங்குதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், கறுப்பு மலம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள், அது இலவசம். போகும்போதே கொழும்பு டொக்டரின் நம்பருக்கும் சொல்லுங்கள். அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாக ஒப்பரேஷனின் பெயரையும் திகதியையும் சொல்ல வேண்டும். வெளியில் தெரியும் தழும்புகள் சின்னவை என்பதால் யாரும் ஊகிக்க மாட்டார்கள்.

வாந்தி இரண்டு மூன்று நாளாக நிற்காவிட்டால் உடம்பில் தயமின் எனும் விற்றமின் பி1 குறைந்துபோகலாம். கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, மனம் குழம்புவது எல்லாம் அதன் அறிகுறி, மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. உங்களோடு வருகிறவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் உங்களால் பேச முடியாமல் இருக்கலாம்.

குளிசைகள், ஆயுள் முழுக்க

மல்டிவிற்றமின் (பல விற்றமின் சேர்ந்த குளிசை), கல்சியம், விற்றமின் டி, பி12, பெண்களுக்குக் குறிப்பாக இரும்பு. பி12ஐச் சிலர் மாதமொரு ஊசியாகப் போடுகிறார்கள். கல்சியத்தைச் சிற்றேற் வடிவில் கேட்டு வாங்குங்கள். கார்பனேற் கரைவதற்கு இரைப்பை அமிலம் வேண்டும், நமக்கு அது குறைந்துவிட்டது. இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்று மற்றதைத் தடுக்கும், இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் அதற்கும் இவை இரண்டுக்கும் இடையில் நாலு மணித்தியாலம் விட வேண்டும். நம் ஆட்களுக்கு முக்கியமான ஒன்று, தேநீர். சாப்பாட்டோடும் இரும்புக் குளிசையோடும் தேநீர் குடித்தால் இரும்பு உடம்பில் ஏறாது. இரும்பை இரவு படுக்கப்போகும் நேரத்துக்கு வைத்துக்கொண்டவர்கள் இலேசாகச் சமாளிக்கிறார்கள்.

நோவுக்குப் பனடோல் மட்டும். டைக்குளோபெனக், இபுபுரோஃபன் வகைகள் புண்ணை உண்டாக்கும், பைபாஸ்காரருக்கு அவை விலக்கு. பல்லுக்கோ முழங்காலுக்கோ காட்டப் போனாலும், ஃபாமசியில் நோக்குளிசை கேட்டாலும் இதைச் சொல்லுங்கள். பித்தக்கல் வராமல் இருக்க முதல் ஆறு மாதத்துக்கு ஒரு குளிசை தருவார்கள். எடை கெதியாகக் குறையும்போது கல் உருவாவது சாதாரணம்.

முதல் வருஷம்

மூன்றாம் கிழமை அளவில் எடை திடீரென்று நின்றுவிடும். ஒரு கிழமை, இரண்டு கிழமை அப்படியே நிற்கும். ஒப்பரேஷன் பிழையாகப் போய்விட்டது என்று அழுதுகொண்டு ஃபோன் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கிழமைக்காரர்தான். அது தானாக நகரும். தினமும் தராசில் ஏறாமல் கிழமைக்கு ஒரு நாள் ஏறுங்கள்.

மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் தலைமயிர் கொட்டும். சீப்பில் கொத்துக் கொத்தாக வரும்போது பயம்தான். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் மறுபடி முளைக்கும்.

பாயாசம், இனிப்பு, ஐஸ்கிறீம் சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு முறுக்கி, வயிற்றோட்டமும் வந்தால் அதற்கு டம்பிங் என்று பெயர். சீனி வேகமாகச் சிறுகுடலில் இறங்குவதால் வருகிறது, பைபாஸ்காரருக்கு அதிகம். ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்து இரத்தத்தில் சீனி தாழ்ந்து கை நடுங்குவதும் உண்டு. வாகனம் ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நடை பற்றி: அதிகாலையில் டச்சுக் குடாக் கரையிலோ உள்துறைமுகப் பக்கமோ நடவுங்கள், வெயில் ஏறினால் நம் ஊரில் நடக்க ஏலாது. இரண்டு மாதம் கழிந்து, டொக்டரும் சம்மதித்தால் கோணேசர் கோயில் ஏற்றத்தில் நடந்து பார்க்கலாம். மூச்சு வாங்காமல் மேலே போய்ச் சேர்ந்த அன்று ஓட்டோ ஓட்டும் ஒரு தம்பி எனக்கு ஃபோன் எடுத்துச் சொன்ன சந்தோஷம் இன்னும் காதில் இருக்கிறது. நடையோடு தசைக்குப் பயிற்சியும் வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். தொங்கும் தோலைப் பயிற்சி முழுதாகச் சரிசெய்யாது. மடிப்புகளை ஈரமில்லாமல் துடைத்து வைப்பது நம் காலநிலையில் மிக அவசியம்.

சனத்தின் வாய்க்கும் ஆயத்தமாக இருங்கள். ‘என்ன பிள்ளை, ஏதும் வருத்தமோ? வாடிப் போனீங்கள்’ என்று வழியெல்லாம் கேட்பார்கள். கலியாண வீட்டில் ‘இன்னும் கொஞ்சம் போடுங்கோ’ என்று கரண்டியோடு நிற்பார்கள். எல்லாருக்கும் ஒப்பரேஷன் கதை சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ‘வயிற்றில் ஒப்பரேஷன், டொக்டர் கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்னவர்’ என்றால் போதும், அது உண்மையும்தான். பந்தியில் ஒரு துண்டு மீனையும் கொஞ்சப் பருப்பையும் எடுத்துக்கொண்டு ஆறுதலாக இருந்தால் யாரும் கோப்பையை எண்ண மாட்டார்கள். ஆனால் வீட்டில் ஒருவருக்காவது முழு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும்.

கவலை வந்தால் சாப்பாட்டில் ஆறுதல் தேடிப் பழகியவர்களுக்கு அந்த வழி இப்போது அடைபட்டுவிடும். மனம் கனக்கும். குடும்பத்தில் உறவுகளும் மாறும், சில கணவன்மார் பயப்படுவார்கள், சில தோழிகள் விலகுவார்கள். மது முன்பைவிட வேகமாகத் தலைக்கு ஏறும், அதில் விழுந்தவர்களும் உண்டு. தாங்க முடியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் எடுக்கலாம். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

விரதம், நோன்பு, பிள்ளை

கந்தசஷ்டி உபவாசமும் நோன்பும் முதல் வருஷத்தில் வேண்டாம் என்பதுதான் பொதுவான மருத்துவ ஆலோசனை. நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்துவிட்டு மாலையில் ஒரேயடியாகக் குடிக்க இந்த வயிற்றால் முடியாது. பிறகு பிடிக்க விரும்புகிறவர்கள் முதலே டொக்டரோடு கதைத்து, மருந்து நேரத்தை மாற்றிக்கொண்டு தொடங்குங்கள். கிண்ணியாவில் சிலர் பள்ளிவாசல் மௌலவியிடமும் விளக்கம் கேட்டார்கள், நோயாளிக்குச் சலுகை உண்டு என்று அவரே ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எடை இறங்கும்போது மாதவிடாய் ஒழுங்காகி, நெடுநாள் தங்காத பிள்ளை சடுதியாகத் தங்கலாம். ஆனால் 12 முதல் 18 மாதம் பொறுப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. பைபாஸுக்குப் பிறகு வாயால் எடுக்கும் கருத்தடைக் குளிசையை நம்ப முடியாது, வேறு முறையை முதலே கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமானதும் எம்.ஓ.எச். கிளினிக்கில் ஒப்பரேஷன் விபரத்தைச் சொல்லுங்கள். சீனிக்கரைசல் குடிக்கவைத்துச் செய்யும் நீரிழிவுப் பரிசோதனை டம்பிங்கை உண்டாக்கலாம், வேறு வழியில் பார்க்கச் சொல்லலாம்.

எடை திரும்ப ஏறினால்

இரண்டு வருஷத்துக்குப் பிறகு கொஞ்சக் கிலோ ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு நடக்கிறது. அதற்கு மேல் ஏறுகிறது என்றால் முதலில் திரவத்தைப் பாருங்கள். சீனி போட்ட பால்தேநீர் நாலைந்து, பின்னேரம் ஒரு பழச்சாறு. இவை இரைப்பையில் நிற்காமல் வழுக்கிப் போய்விடும், வயிறு நிறைந்ததாகவே தெரியாது. அடுத்தது நொறுக்கல்: மிக்சர், பிஸ்கட், கச்சான், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. இவை இரண்டையும் சரிசெய்தும் இறங்காவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள். பை விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், புதிய ஊசி மருந்துகளும் இப்போது வந்திருக்கின்றன. வெட்கத்தில் கிளினிக்கைத் தவிர்ப்பவர்களுக்கு எடையோடு சேர்த்து இரத்தச்சோகையும் எலும்புத் தேய்வும் கவனிக்காமல் வளர்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிழமை சாப்பிட்டது குடித்தது எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதி, கடைசி இரத்த றிப்போர்ட்டையும் எடுக்கும் குளிசைகளின் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். டொக்டர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.